நேரம் தெரியாத பெட்டி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கினால் முதலில் போவது கரண்டு, அடுத்தது செல்போன் சிக்னல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அது. தென்னை மட்டைகளைப் பிய்த்து மின்கம்பியில் போடும், கூரை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகும். கேரளத்துக்குள் இருந்தாலும் எங்கள் ஊரில் வீட்டுப் பேச்சும் கடைப் பேச்சும் தமிழ்தான். ரேஷன் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும். வரிசையில் நடக்கும் சண்டை தமிழில் இருக்கும்.

மாமாவின் தென்னந்தோப்பு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே செல்போனுக்கே தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. கிழக்கே நான்கு எட்டு வைத்தால் தமிழ்நாட்டு டவர், மேற்கே திரும்பினால் கேரள டவர். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் இடைவெளியில் போன் செத்த பிணம் மாதிரி கிடக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கதைக்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதிக்குக் காரணம் நான்.

நான் கோயம்புத்தூரில் எம்பெடட் வேலை பார்க்கிறேன். உட்பொதி அமைப்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். வேலை பார்க்கிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சுருக்கமாகச் சொன்னால் கணினி என்று யாரும் அழைக்காத பொருளுக்குள் ஒளிந்திருக்கும் கணினி: வாஷிங் மெஷின், லிஃப்ட், கார் பிரேக், பம்ப்செட் ஸ்டார்ட்டர். அந்தக் கணினி வெளியுலகத்தை அளந்து, முடிவெடுத்து, உலகத்தையே கொஞ்சம் தள்ளிவிடும்போது அதற்கு சைபர்-பிசிக்கல் அமைப்பு என்று பெயர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில் 2006 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில் இருக்கும் பாலக்காடு ஐஐடியில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 3,660 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த தேசியத் திட்டத்தில் உருவான 25 மையங்களில் அதுவும் ஒன்று.

என் திட்டத்தின் மதிப்பு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். மாமாவின் ஏழரை எச்பி மோட்டாருக்கு செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், செல்போன் சிக்னலைப் பிடிக்கும் ஒரு ஜிஎஸ்எம் மாடம் (modem), ஒரு சிம், ஒரு ரிலே. '1' என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் காண்டாக்டர், அதாவது மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கும் பெரிய சுவிட்ச், இழுத்து மோட்டார் ஓடும், '0' அனுப்பினால் நிற்கும். கடையில் இதே மாதிரி நிறையக் கிடைக்கிறது. ஆனால் மருமகன் எம்பெடட் இன்ஜினியராக இருக்கும்போது கடையில் வாங்கினால் குடும்ப மானம் என்னாவது!

ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஓர் ஆடி மாதக் காலை, மாமா பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து '1' அனுப்பியிருக்கிறார். 'மோட்டார் ஓடுகிறது' என்ற பதில் வரவில்லை. இன்னொரு தடவை அனுப்பவும் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்கே வந்துவிட்டார். மோட்டார் நின்றுகொண்டிருந்தது. பழைய மோட்டார், நாலு நாள் சும்மா கிடந்தால் பம்ப் இறுகிக்கொள்ளும். அதனால் எப்போதும் செய்வதுபோலக் குனிந்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார். நன்றாகச் சுற்றியது. கையில் கிரீஸ். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து மாடம் ஏதோ ஒரு டவரைப் பிடித்திருக்கிறது. பொள்ளாச்சியில் கிளம்பிய '1' வந்து சேர்ந்தது. டக் என்று காண்டாக்டர் இழுத்தது. தொங்கிக்கொண்டிருந்த துண்டின் முனையைக் கப்ளிங் பிடித்துச் சுருட்டிக்கொண்டது.

துண்டு நைந்த துண்டு. கிழிந்தது. அவ்வளவுதான். புதுத் துண்டாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ராத்திரி போனில் மாமா திட்டவில்லை. 'மாப்ளே, உன் பொட்டி சொன்ன சொல்ல மறக்கலீங்க. எப்பச் சொன்னதுங்கறத மட்டும் மறந்துருச்சு' என்றார். வழக்கமாக என்னை 'டேய்' என்பவர் 'ங்க' போட்டதில்தான் கோபம் இருந்தது.

இந்தத் துறையின் ஆராய்ச்சிச் சிக்கல்கள் என்று மாநாடுகளில் எத்தனையோ பேசுகிறார்கள். அதில் பாதி மாமாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பது என் கட்சி. கணினி அறிவியல் நேரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வளர்ந்த படிப்பு. இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு. அது நேற்று வந்தாலும் சரி, நாளைக்கு வந்தாலும் சரி, நிரல் சரியான நிரல்தான். நேரம் என்பது வேகம் சம்பந்தப்பட்ட விஷயம், சீக்கிரம் முடிந்தால் நல்லது, அவ்வளவே. ஆனால் மோட்டார், பிரேக், விமான இறக்கை இவற்றிடம் சரியான விடை தப்பான நேரத்தில் வந்தால் அது தப்பான விடை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எட்வர்ட் லீ இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: நாம் வழக்கமாகப் புழங்கும் நிரல் மொழிகளில் 'எப்போது' என்பதற்கு இடமே இல்லை. விமானம் செய்கிறவர்கள் பல பத்தாண்டுகளுக்குத் தேவையான ஒரே ரக சில்லுகளை (சிப்) முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புதுச் சில்லு இன்னும் வேகமாக இருக்கலாம். ஆனால் அதில் அதே நிரல் அதே நேரத்தில் நடக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். வேகமான சில்லு கிடைத்தும் வேண்டாம் என்று பழையதைப் பூட்டி வைக்கும் நிலைமையை வேறெந்தத் துறையில் பார்க்க முடியும்?

என் தப்புக்குத் திரும்புகிறேன். எஸ்எம்எஸ் என்பது தபால் மாதிரி. நடுவில் ஒரு மையம் வாங்கி வைத்துக்கொள்ளும், பெறுபவர் கிடைக்காவிட்டால் மறுபடி மறுபடி முயலும். பழைய நோக்கியா போனில் 'செய்தி எவ்வளவு நேரம் செல்லும்' என்று ஓர் அமைப்பு இருந்ததே, நினைவிருக்கிறதா? யாரும் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு செய்தியோடும் மையத்தின் நேர முத்திரையும் சேர்ந்தே வருகிறது. அதை என் நிரல் படித்தது, ஒதுக்கியது. மோட்டார் போட அது எதற்கு என்று நினைத்துவிட்டேன். செய்தி இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் குப்பையில் போடு என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் துண்டு பிழைத்திருக்கும்.

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. செய்தி பழசா புதுசா என்று சொல்ல, பெட்டிக்கு இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். என் பெட்டிக்குத் தெரியாது. கரண்டு வந்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்பது மட்டும்தான் தெரியும். சரி, பத்து ரூபாய்ப் பட்டன் செல் போட்ட கடிகாரச் சில்லு ஒன்று வைத்தேன். அதன் உயிர் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகம். தகரப் பெட்டி வெயிலில் கொதித்தால் படிகம் மெதுவாகும், நாளுக்கு இரண்டு மூன்று விநாடி பின்தங்கும். மூன்று மாதத்தில் நான்கு நிமிடம். அப்போது என் இரண்டு நிமிடக் கணக்கு என்னாகும்? பின்தங்கிய கடிகாரத்துக்குப் பழைய செய்தியும் புதுசாகத் தெரியும். ஆகவே சூட்டுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் விலை கூடிய சில்லு, அப்புறம் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கித் தினம் ஒருமுறை சரிபார்ப்பது. அந்த நெட்வொர்க்கே கிடைக்காத இடத்தில்தானே பிரச்சினை தொடங்கியது என்று கேட்டால், ஆமாம். கடிகாரத்தை ஒரு நாளுக்கு மேல் சரிபார்க்க முடியாவிட்டால் எந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் மோட்டார் போடாதே என்று எழுதி வைத்தேன். இப்போது பெட்டி சில நாள் சண்டித்தனம் செய்கிறது. செய்யட்டும்.

இதை முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஏழு வாரம். ஒரு நாள் மாமா பெட்டியின் பட்டனை அழுத்தி மோட்டார் போட்டால் உடனே நிற்கிறது. மறுபடி போட்டால் மறுபடி நிற்கிறது. எலக்ட்ரீஷியன் வந்தார், காண்டாக்டர் போச்சு என்றார், புதுசு மாட்டினார், ஓடியது. காசு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் உறுத்தியது, ஏனென்றால் பழைய காண்டாக்டரை மேசையில் வைத்துச் சோதித்தால் குறையே இல்லை.

விடை ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தபோது கிடைத்தது. மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் எண்ணி, அதாவது கவுன்ட்டர், 49 நாள் 17 மணி 2 நிமிடத்தில் நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். 40 நிமிடம் ஓடி நிற்க வேண்டிய மோட்டாருக்கு, நிற்க வேண்டிய நேரம் = இப்போது + 40 நிமிடம் என்று எழுதியிருந்தேன். எண்ணி நிறையப் போகும் கடைசி 40 நிமிடத்தில் பட்டனை அழுத்தினால் அந்தக் கூட்டுத்தொகை வழிந்து சின்ன எண்ணாகிவிடும். 'நேரம் எப்போதோ தாண்டிவிட்டதே' என்று பெட்டி உடனே நிறுத்திவிடும். எலக்ட்ரீஷியன் காண்டாக்டரை மாட்டி முடித்த முக்கால் மணி நேரத்தில் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. அவர் பழுது பார்த்தார், அது சரியானது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

முதல் ஏழு மாதம் ஏன் இது வரவில்லை? அப்போதெல்லாம் கரண்டு போகும்போது பெட்டியும் அணைந்து, எண்ணி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐம்பது நாள் தொடர்ந்து கரண்டு இருந்த சரித்திரம் எங்கள் பக்கம் இல்லை. துண்டு கிழிந்த பிறகு, பெட்டி எப்போதும் விழித்திருக்கட்டும் என்று நானே ஒரு பேட்டரி வைத்தேன். ஒரு குறையைத் தீர்க்க வைத்த பேட்டரி, அதுவரை வாழாத அளவுக்குப் பெட்டியை வாழவைத்து இன்னொரு குறையை வெளியே கொண்டுவந்தது.

வெட்கம் குறைந்தது எப்போதென்றால், போயிங் 787 பற்றிப் படித்தபோது. அந்த விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கணினிகள் 248 நாள் நிற்காமல் ஓடினால் எண்ணி வழிந்து, விமானம் மொத்தமாக மின்சாரத்தை இழக்கக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்பதுதான் தற்காலிக மருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறில் ஒரு விநாடி வீதம் எண்ணினால் 31 பிட் நிறைய 248 நாள் ஆகிறது. அதற்கும் முன்னால் 1991 பிப்ரவரி 25, சவுதியில் தஹ்ரான். எதிரி ஏவுகணையை வானிலேயே அடிக்கும் பேட்ரியாட் ஏவுகணையின் கணினி பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டுக்குள் வெட்டி வைத்திருந்தது. பத்தில் ஒன்று என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும் பின்னம், வெட்டினால் துளி குறையும். நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 விநாடி. எதிரி ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கணினி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. 28 வீரர்கள் இறந்தார்கள்.

எண்ணி, கடிகாரம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே சில்லில் பல வேலைகள் வரிசையில் நிற்கும்போது வேறு விதமாக நேரம் தவறும். இதற்கு 1973-ல் லியூ, லேலாண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் அழகான கணக்கைக் கொடுத்தார்கள்: அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை கொடு, சில்லின் மொத்தச் சுமையை 69 சதவீதத்துக்குள் வைத்துக்கொள், எதுவும் கெடு தவறாது. முக்கியமான நிபந்தனை, ஒவ்வொரு வேலையும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய சில்லுகள் கேஷ் (அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது), முன்னூகம் (அடுத்து வருவதை ஊகித்து முன்கூட்டியே செய்வது) என்று சராசரியை வேகப்படுத்தும் தந்திரங்களால் நிரம்பியவை. மோசமான நேரம் எவ்வளவு என்று கேட்டால் அவற்றின் வாயிலிருந்து பதில் வராது. ஆராய்ச்சியாளர்கள் இதில்தான் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

முன்னுரிமை கொடுத்தாலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு செக்போஸ்ட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதிகாரிக்கு ஒரு பதிவேடு வேண்டும். அது கடைநிலை எழுத்தர் கையில் இருக்கிறது. எழுத்தர் எழுதி முடித்தால் கொடுத்துவிடுவார், ஆனால் அவரைவிடப் பெரியவர், அதிகாரியைவிடச் சின்னவர் ஒருவர் வந்து 'அதை வச்சிட்டு இந்த லாரியைப் பாருப்பா' என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அதிகாரி காத்துக் கிடக்கிறார், நடுவில் இருப்பவரின் ராஜ்யம் நடக்கிறது. 1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு இதேதான் நடந்தது. வானிலை அளக்கும் சின்ன வேலை ஒரு பூட்டைப் பிடித்திருக்க, தகவல் தொடர்பு வேலை குறுக்கே வர, எல்லாவற்றுக்கும் மேலான வேலை காத்துக் கிடந்து, கணினி பயந்துபோய்த் தன்னைத்தானே அணைத்துப் போட்டுக்கொண்டது, பல தடவை. மருந்து ஏற்கெனவே இருந்தது: பதிவேடு கையில் இருக்கும்வரை எழுத்தருக்கும் அதிகாரியின் மதிப்பைக் கொடு. 1990-ல் இதை முறையாக எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் வாங்கியவர். அந்த வசதியை பூமியிலிருந்தே இயக்கிவிட்டார்கள். பல கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிக்கு அவர்கள் அனுப்பினார்கள்; நான் ஒவ்வொரு திருத்தத்துக்கும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வேலந்தாவளம் வழியாக பைக்கில் போகிறேன்.

பாதுகாப்பு, அதாவது ஹேக்கிங், பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். ஈரானில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளைச் சுழற்றிக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு 2010-ல் வெளிப்பட்ட பிறகு அது தனி உலகம். என் பெட்டி மாமா, அத்தை, நான் ஆகிய மூன்று எண்களுக்கு மட்டும் கீழ்ப்படியும். எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பது தெரியும். தேங்காய்த் தோப்பின் மோட்டாரைப் போட அவ்வளவு மெனக்கெடுபவர் யாராவது இருந்தால் தண்ணீர் பாயட்டும், தென்னைக்கு நல்லதுதான்.

ஆனால் சென்சார்! தொட்டியில் தண்ணீர் மட்டம் அளக்க ஒலி அலை சென்சார் ஒன்று வைத்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதாகச் சொன்னது. ஏறிப் பார்த்தால் சென்சாரின் வாய்க்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை, அதன் நடுவில் உருட்டிக் கட்டிய பூச்சி. ஒலி அதில் பட்டுத் திரும்புகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, எதிரே ஏதோ இருக்கிறது என்றது, அது தண்ணீர் என்று முடிவு செய்தது நான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு. காண்டாக்டரின் இரு முனைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கிக் கருகி ஒரு படலமாகி, ஒரு பேஸ் மட்டும் விட்டுவிட்டு வரும். பல்லியும் விழும். இதையெல்லாம் எந்தச் சமன்பாட்டில் எழுதுவது? போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணத்தை அளந்த ஒரே ஒரு சென்சாரை மென்பொருள் நம்பியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்தன, 346 பேர் இறந்தார்கள். இரண்டாவது சென்சார் விமானத்திலேயே இருந்தது, மென்பொருள் அதைக் கேட்கவில்லை. இப்போது என் தொட்டியில் சென்சாருக்குத் துணையாக ஒரு பழைய மிதவை சுவிட்சும் தொங்குகிறது. இரண்டும் முரண்பட்டால் மோட்டார் ஓடாது.

இரும்பின் பக்கத்தை எங்கள் ஊர்க்காரர்கள் 2022-ல் பெரிய அளவில் பார்த்தோம். பரம்பிக்குளம் அணை கேரளத்து மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும், எங்கள் கிணறுகளின் ஊற்றும் அந்தக் கணக்கில்தான் உயிரோடு இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பர் 21, விடியும் முன்பே, மூன்று ஷட்டர்களில் ஒன்றின் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து ஷட்டரே அடித்துச் செல்லப்பட்டது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றுக்குப் போனது. அணைகளுக்கு எத்தனையோ தானியங்கி முறைகள் வரப்போகின்றன. அவை எல்லாவற்றிலும் ஷட்டர் என்பது 0-விலிருந்து 100 வரை ஒரு எண். சங்கிலியின் துரு அந்த எண்ணுக்குள் இல்லை. அதை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதும் ஆராய்ச்சிதான், எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி, ஆனால் தகர டப்பாவோடு செய்ய முடியாதது.

போன மாதம் மாமா தோப்பில் உட்கார்ந்து இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். 'ஏன் மாப்ளே, பழைய மெசேஜ் வந்தா இப்ப ஓடாதுன்னுட்டே. புது மெசேஜ் வந்தா ஓடுமில்ல? உங்க அத்தை வூட்டுல இருந்து போடறா, நான் இங்க கை வெச்சுட்டு நிக்கறேன். நான் நிக்கறது உன் பொட்டிக்குத் தெரியுமா?'

தெரியாது. ஓடுவதற்கு முன் பத்து விநாடி மணி அடிக்கலாம் என்றேன். ஆடிக்காற்றில் மணி கேட்குமா என்றார். நகர்வைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைக்கலாம் என்றேன். மட்டை ஆடினாலும் ஆள் என்று சொல்லுமே என்றார். மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யும் இயந்திரங்களைப் பற்றி உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்கும் கேள்வி அது என்று சொல்ல நினைத்து, இளநீரைக் குடித்தேன்.

அவர் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனார். மூன்று ப்யூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், வேட்டி மடியில் கட்டினார், அப்புறம் குனிந்து கப்ளிங்கில் கை வைத்தார்.